கைகட்டி நின்றவர்

பெரிய கை உள்ள பெண்ணை எங்கே கண்டாலும் நான் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன். போன கிழமை அச்சுவேலிச் சந்தையில் வெங்காயம் நிறுத்துக் கொடுத்தவளின் கையைப் பார்த்தபடியே நின்றிருக்கிறேன்.

"என்ன அன்ரி, நிறையிலை சந்தேகமோ?" என்று அவள் கேட்டுவிட்டாள்.

"இல்லைப் பிள்ளை, சும்மா பாத்தனான்" என்று சமாளித்துக்கொண்டு வந்தேன். ஏழரை இருக்கும் என்று மனம் கணக்குப் பார்த்தது. எட்டு இல்லை. எட்டாம் நம்பர்க் கையுறை போட்ட பெண்ணை நான் என் வாழ்க்கையில் ஒருவரைத்தான் கண்டேன்.

நான் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கூடத்து மிஸியாக இருந்தவள். தாதிமாரை எங்கள் ஊரில் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் ஆட்களை முகத்தால் நினைவு வைத்திருப்பார்கள், எனக்குக் கையால்தான் நினைவு நிற்கும். முகம் எப்போதும் துணிக்குப் பின்னால் இருந்தது, அதற்கு நான் என்ன செய்ய?

அந்தக் கையின் சொந்தக்காரர் கடல் கடந்து, பனி கொட்டும் ஒரு நாட்டிலிருந்து வந்தவர். தொண்டு நிறுவனம் ஒன்று அனுப்பிய மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். தொண்ணூறுகளின் தொடக்கம், சண்டைக் காலம் அது. மின்சாரம் இல்லை, பாதை இல்லை, மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. முன்பெல்லாம் தலையில் அடிபட்டு வருகிறவர்களைக் கட்டுப் போட்டுக் கொழும்புக்கு அனுப்பிவிடுவோம். பாதை பூட்டியபின் தலைகள் எல்லாம் எங்களிடமே தங்கிவிட்டன. தலையைத் திறக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அப்படியான நேரத்தில்தான் அவர் வந்து இறங்கினார். ஐம்பது வயதைத் தாண்டியவர். நெட்டையான ஆள், கதவு நிலையில் குனிந்துதான் உள்ளே வருவார். ஆண்களின் சைக்கிளில் முழங்கால் வெளியே விரிய விரிய மிதித்துக்கொண்டு போவதைப் பார்க்க ஒழுங்கையில் சனம் கூடும்.

கடவுள் வந்துவிட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். வந்த கடவுள் கத்தியைத் தொடமாட்டேன் என்றுவிட்டார்.

முதல் இரண்டு மூன்று தலைகளைத் தானே திறந்து காட்டினார். எவ்வளவு அழகான வேலை! பூக்கட்டுகிறவர்களின் விரல் போல அந்தப் பெரிய விரல்கள் ஓடின. அதன்பிறகு கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு மேசைக்கு எதிர்ப்புறம் மூலையில் போய் நின்றவர்தான், நின்றவர். இனி எல்லாம் நேசன் டொக்டர் செய்யட்டும் என்றார்.

நேசன் டொக்டர் எங்கள் ஆள், அளவெட்டிக்காரர். வயிறு என்றால் அவரை மிஞ்ச ஆள் இல்லை. நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த மனுசன் ஆனபடியால் வயிற்றைத் திறந்து வேலை சரியாகப் போகத் தொடங்கியதும் வாய்த்துணிக்குள்ளே மெல்ல ஒரு தோடியை இழுப்பார். அதைக் கேட்டால் எங்களுக்கு நோயாளி தப்பிவிட்டான் என்று தெரிந்துவிடும். வெளியே காத்து நிற்கிற உறவுக்காரருக்குச் சிற்றூழியர் அருளப்பு ஓடிப்போய், "டொக்டர் பாடத் தொடங்கீட்டார், அழாதேங்கோ" என்று சொல்லிவிட்டு வருவான்.

ஆனால் தலைக்குப் பாட்டு இல்லை. வெள்ளைக்கார டொக்டர் வருவதற்கு முன்பு, வேறு வழியில்லாமல், புத்தகத்தைப் பார்த்து நேசன் டொக்டர் ஒரு தலையைத் திறந்தார். அந்த ஆள் மேசையிலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு தலை என்றாலே அவருடைய முகம் வெளிறிவிடும், உள்ளங்கை வேர்த்துவிடும். கையுறையைக் கழற்றும்போது ஊற்றும் வேர்வையை நான்தானே பார்ப்பேன்.

இதை வெள்ளைக்கார டொக்டரும் கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"வயிற்றைத் திறக்கும்போது நேசனிடமிருந்து ஒரு சத்தம் வருகிறதே, தலையைத் திறக்கும்போது ஏன் வருவதில்லை?"

"அது சத்தம் இல்லை, ராகம்" என்றேன் கொஞ்சம் சூடாக. பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

அவர் பனங்கட்டியை வாயில் அடக்கியபடி யோசித்தார். "அப்படியென்றால் சரி. தலையைத் திறக்கும்போது அவர் பாடுகிற நாளில் நான் ஊருக்குப் போகலாம்" என்றார்.

பகிடிக்குச் சொன்னதாக நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மண்டையோட்டில் துளை போடும் கருவி தச்சனின் கைத் துறப்பணம் மாதிரி இருக்கும். ஒரு கையால் அமத்தி, மற்றக் கையால் சுழற்றவேண்டும். ஓடு முடியும் இடத்தில் நிறுத்தத் தெரியாவிட்டால் நேரே மூளைக்குள் போய்விடும். அதைப் பழக அவர் கண்டுபிடித்தது தேங்காய். முற்றத் தொடங்கிய தேங்காயை மணல் சாக்கில் அசையாமல் வைத்து, சிரட்டையில் துளை போடவேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலில் ஒரு கீறலும் விழக்கூடாது. கீறல் விழுந்தால் ஆள் போய்விட்டான் என்று கணக்கு.

தேங்காய் கொண்டுவருவது அருளப்புவின் வேலை. குருநகர் ஆள். கடலுக்குப் போகத் தடை வந்தபிறகு ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தவன். வாய் சும்மா இராது. துளைபட்ட தேங்காய்களைக் கூடையில் அள்ளிச் சமையலறைக்குக் கொண்டுபோகும்போது தினமும் கேட்பான்.

"டொக்டர், இண்டைக்கு எத்தினை பேர் தப்பினது?"

"ஒராள்தான் தப்பினவர். மற்ற ஆக்கள் சம்பலாப் போட்டினம்" என்பார் நேசன் டொக்டர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

வெள்ளைக்கார டொக்டர் அங்கேயும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். நேசன் டொக்டர் பிழை விடப்போகிறார் என்றால் எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? வாய் திறக்கமாட்டார். தேங்காய் போனபிறகு அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கீறலைத் தடவிப் பார்த்து, திருப்பி நேசன் டொக்டரின் கையில் கொடுப்பார். அவ்வளவுதான் பாடம். எங்கள் ஆட்கள் அவருக்குக் 'கைகட்டி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

சோம்பேறி என்று மட்டும் யாரும் சொல்லமுடியாது. கூடத்துக்கு வெளியே அந்தக் கை ஒரு நிமிஷம் சும்மா இருந்ததில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளுவார், அருளப்புவோடு சேர்ந்து தரை கழுவுவார், பின்னேரங்களில் எனக்குப் பக்கத்தில் வந்து சப்பாணி கட்டி இருந்து கையுறை கழுவுவார். கையுறை வராத காலம். ஒருமுறை போட்டு எறிவதெல்லாம் எங்களுக்குக் கனவு. கழுவி, ஊதிப் பலூன் மாதிரிப் பிடித்து, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். காற்று முகத்தில் பட்டால் எங்கோ ஓட்டை. செத்துப்போன கையுறையிலிருந்து துண்டு வெட்டி, சைக்கிள் கடையில் ரியூப்புக்குப் போடுவது போல ஒட்டுப் போடுவோம். பிறகு காயவைத்து, பவுடர் போட்டு, சோடி சோடியாகப் பொட்டலம் கட்டி, விறகு அடுப்பில் அவித்து எடுக்கவேண்டும். ஒவ்வொரு சோடியும் என் உயிர். யாராவது நகத்தால் கிழித்தால் என் வாயால் வாங்கிக் கட்டுவார்கள்.

இப்படி நான் கிடந்து சாக, இந்த மனுசி என்ன செய்வார் தெரியுமா? தலைச் சத்திரசிகிச்சை என்றால் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவி, அங்கி போட்டு, தன் எட்டாம் நம்பர்க் கையுறையையும் போட்டு, மூலையில் போய்க் கைகட்டி நிற்பார். ஒன்றையும் தொடாமல் நின்றுவிட்டு, கடைசியில் கழற்றித் தருவார். அதையும் நான் கழுவி அவிக்கவேண்டும்.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. நேசன் டொக்டருக்கு வைத்தேன், எனக்கு வைத்தேன், அவருக்கு வைக்கவில்லை. அவர் கழுவிய கைகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றார். மேசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தொடாத கைக்குக் கையுறை எதற்கு?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன்.

எதிர்பார்த்த கோபம் வரவில்லை. அவர் நேசன் டொக்டரின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நான் கையுறை போடாமல் நின்றால், என்னால் வரமுடியாது என்று அவர் நினைப்பார். என்னால் வரமுடியும், ஆனாலும் நான் வரவில்லை என்பதை அவர் பார்க்கவேண்டும்."

நான் எட்டாம் நம்பர்ப் பொட்டலத்தை அவிழ்த்தேன்.

அது நல்ல பேச்சுத்தான். ஆனால் அருளப்புவின் மகள் வந்த நாளில் அந்தப் பேச்சு எனக்கு விஷமாகக் கசந்தது.

பெயர் மரியமலர். பதினேழு வயது, முழங்கால் வரை தலைமயிர். காலையில் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் பாய்ந்திருக்கிறாள். மேலே மூடியிருந்த பனங்குற்றியில் தலையின் பக்கம் அடிபட்டிருக்கிறது. கொஞ்ச நேரம் மயங்கி, எழும்பி, "ஒண்டும் இல்லை அம்மா" என்று தேத்தண்ணியும் குடித்திருக்கிறாள். பிறகு அலுப்பாக இருக்கிறது என்று பதுங்குகுழிக்குள்ளேயே படுத்திருக்கிறாள். அந்த நாட்களில் சனம் பகலில் அங்கே படுத்து நித்திரை கொள்வது ஒரு புதினமே இல்லை. பிள்ளை களைத்துப் படுத்திருக்கிறாள் என்று தாய் போர்வையால் மூடிவிட்டு, மற்றப் பிள்ளைகளைச் சத்தம் போடவேண்டாம் என்று அதட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். மத்தியானம் சோற்றுக்கு எழுப்பினால் எழும்பவில்லை.

தள்ளுவண்டியில் கொண்டுவந்தபோது ஒரு கண்ணின் கருமணி முழுக்க விரிந்து கிடந்தது. மண்டையோட்டுக்குக் கீழே இரத்தம் கட்டி மூளையை அமத்துகிறது என்று அர்த்தம். திறந்து எடுத்தால் உண்டு, இல்லையென்றால் பின்னேரத்துக்குள் முடிந்துவிடும்.

அருளப்பு நேரே கைகட்டியின் காலில் போய் விழுந்தான்.

"அம்மா, என்ரை பிள்ளையை நீங்கள் செய்யுங்கோ. உங்கடை கையாலை செய்யுங்கோ. அந்தோனியாரைக் கும்பிடுற மாதிரிக் கும்பிடுறன்."

நான் அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அவர் குனிந்து அவனைத் தூக்கி நிறுத்தினார். "நேசன் செய்வார்" என்றார்.

"அவருக்கு ஏலாது! தேங்காயே உடையுது, நான்தானே அள்ளுறனான்!" என்று கத்தினான் அருளப்பு. நேசன் டொக்டர் பக்கத்தில்தான் நின்றார். அவருடைய முகத்தை என்னால் பார்க்கமுடியவில்லை.

கையைக் கழுவுகிற இடத்தில் வெள்ளைக்கார டொக்டரிடம் நானும் கேட்டேன். இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் செய்யக்கூடாதா, எங்களோடு வேலை செய்கிறவனின் பிள்ளை அல்லவா என்று கெஞ்சினேன். அவர் கையைத் தேய்த்தபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னார். இதற்கு முன் வேறொரு நாட்டில், வேறொரு சண்டையில் வேலை செய்தாராம். அங்கே எல்லாத் தலையையும் தானே திறந்தாராம். மாலை போட்டு வழியனுப்பினார்களாம். "நான் விமானம் ஏறிய அடுத்த நாளும் அங்கே குண்டு விழுந்தது. திறக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு நாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

சரி என்று எனக்குப் படவில்லை. வருங்காலத்துத் தலைகளுக்காக இந்தத் தலையைப் பணயம் வைக்கிறாளே, கல்நெஞ்சுக்காரி என்றுதான் நினைத்தேன்.

நேசன் டொக்டர் துறப்பணத்தைச் சுழற்றினார். ஓடு முடியும் இடத்தில் கை நின்றது. கறுத்துக் கட்டியான இரத்தம் பிதுங்கிக்கொண்டு வந்தது. ஓட்டையைப் பெருப்பித்து அதை வழித்து எடுத்தார். தப்பியது என்று மூச்சு விட நினைத்த கணத்தில் அடியிலிருந்து புது இரத்தம் குபுக்கென்று நிரம்பியது. எங்கே இருந்து வருகிறது என்று தெரியவில்லை. உறிஞ்ச உறிஞ்ச நிரம்பியது. நேசன் டொக்டர் தலையை நிமிர்த்தி மூலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அவர் கைகட்டியபடியே நின்றார். இரண்டே எட்டு வைத்தால் மேசை. கையுறை போட்ட கை. அந்தக் கை வரவில்லை.

"பொறுங்கோ" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் கொஞ்சம்தான், அதில் ஒன்று அது.

நேசன் டொக்டர் ஒரு துணியை வைத்து அமத்திப் பிடித்தார். பொறுத்தார்.

"பாருங்கோ" என்றார் அவர்.

துணியை மெதுவாக உயர்த்த, ஓட்டின் விளிம்புக்குக் கீழே நூல் போல ஓர் இரத்தக்குழாய் பீச்சுவது தெரிந்தது. நேசன் டொக்டர் ஊசியைக் கேட்டார். கட்டினார். நின்றது. அவர் பாடவில்லை. ஆனால் நின்றது.

அங்கியைக் கழற்ற உதவி செய்யப் போனபோதுதான் கைகட்டியின் கையுறையைப் பார்த்தேன். இரண்டு கையிலும் விரல் நுனிகள் கிழிந்திருந்தன. அங்கிக்கு மேலாகத் தன் முழங்கையைத் தானே அப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். உள்ளே தோலில் சிவந்த தடம். அவர் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு, "மன்னிக்கவேணும், உன்னுடைய ஒரு சோடி போய்விட்டது" என்றார். அந்த ஒரு சோடிக்கு நான் வாய் திறக்கவில்லை.

மரியமலருக்கு மூன்றாம் நாள் கண் தெளிந்தது. தலையில் மயிர் மழித்த இடத்தைத் தொட்டுவிட்டு அழுதாள். தாய் அதைவிட அழுதாள். தலை மழிப்பது எங்கள் சனத்துக்கு எப்படியான விஷயம் என்பது வெள்ளைக்கார டொக்டருக்கு முதல் மாதத்திலேயே விளங்கியிருந்தது. அதனால் காதுக்கு மேலே ஒரு பட்டைதான் மழிக்கச் சொல்லியிருந்தார். மற்ற மயிரெல்லாம் இரத்தத்தில் தோய்ந்து சடையாகக் கிடந்தது. வாளியில் தண்ணீரும் சீயாக்காயும் கொண்டுவரச் சொல்லி, அவரே கழுவினார். சிக்கெடுத்து, பின்னி, மழித்த இடத்துக்கு மேலாக வளைத்துக் கட்டிவிட்டார். முழுப் பின்னேரமும் அதற்கே போனது. கத்தி தொடாத அந்தக் கை சீப்புப் பிடித்ததை அருளப்பு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த நாள் அவன் வழக்கத்தைவிடப் பெரிய கூடையில் தேங்காய் கொண்டுவந்தான்.

பாட்டுக்கு முன்பே அவர் போகவேண்டி வந்தது. நிறுவனம் திருப்பிக் கூப்பிட்டுவிட்டது, கப்பலுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். நேசன் டொக்டர் அதற்குள் எத்தனையோ தலை திறந்துவிட்டார். பலர் பிழைத்தார்கள், சிலர் போனார்கள். கை பழகிவிட்டது. தொண்டை மட்டும் திறக்கவில்லை.

புறப்படும் அன்று கூடத்து வாசலில் எல்லாரும் நின்றோம். அவர் சைக்கிளை அருளப்புவிடம் கொடுத்தார். பிறகு, எங்களிடம் படித்த தமிழில், "போறன்" என்றார்.

அருளப்பு பதறிப்போனான். "ஐயோ அம்மா, போறன் எண்டு சொல்லக்கூடாது. போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

நான் அதன் பொருளை விளக்கினேன். அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். சொல்லிவிடலாம், ஒரு சொல்தானே. எத்தனை பேர் எத்தனை பொய்யை அந்த வாசலில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்! அவர் தலையை ஆட்டினார்.

"வரமாட்டேன். வருவேன் என்று சொன்னால் நீங்கள் காத்துக்கொண்டு இருப்பீர்கள்" என்றார் என்னிடம். "நேசன் கத்தியை எடுக்காமல் எனக்காகக் காத்துக்கொண்டு இருப்பார்."

நேசன் டொக்டர் கை கொடுத்தார். அந்தப் பெரிய கைக்குள் அவருடைய கை காணாமல் போனது. வெள்ளைக்கார டொக்டர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார், வாசல் நிலையில் குனிந்து, நிமிர்ந்து, போய்விட்டார்.

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனால் காத்திருக்கமாட்டோம் என்று அவர் நினைத்ததுதான் அவர் விட்ட ஒரே பிழை. வெளிநாட்டு வாகனம் ஒன்று ஆஸ்பத்திரிக்குள் வந்தால் நான் சன்னலுக்கு ஓடுவேன். நெட்டையாக யார் இறங்கினாலும் கையைத்தான் முதலில் பார்ப்பேன். பின்னேரம் தனியே இருந்து கையுறை ஊதும்போது பக்கத்தில் இன்னொரு மூச்சு இல்லாதது பெரிய குறையாகக் கிடக்கும். கூடப்பிறந்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனபோதுகூட நான் அப்படித் தவித்ததில்லை.

அவர் போனபின் வந்த முதல் தலைக்கு நான் மேசையை ஒழுங்கு செய்தேன். நேசன் டொக்டர் கை கழுவிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு நின்றார்.

"மிஸி, அவவின்ரை சோடியையும் வையுங்கோ."

"ஆருக்கு டொக்டர்?"

"அவவுக்குத்தான். மூலையிலை ஸ்டூலிலை வையுங்கோ."

எட்டாம் நம்பர்ப் பொட்டலத்தை அவிழ்க்காமல் அந்த ஸ்டூலில் வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தலைக்கும் அப்படித்தான். இரத்தம் குபுக்கென்று வரும்போது நேசன் டொக்டர் நிமிர்ந்து அந்தப் பொட்டலத்தைப் பார்ப்பார். பொறுப்பார். பிறகு குனிந்து பார்ப்பார். அருளப்பு தரை துடைக்கும்போது அந்த மூலையில் ஒரு ஆள் நிற்பது போல விலகித்தான் போவான்.

அப்படியே காலம் போனது. சாமான் வரத்து இன்னும் குறைந்தது. ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு நேசன் டொக்டரின் ஏழாம் நம்பர்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. அப்போதுதான் உடுப்பிட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தோட்டக்காரரைக் கொண்டுவந்தார்கள். மிளகாய்ப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற மனுசன், ஷெல் துண்டு ஒன்று தலைக்குள் போயிருந்தது. வெளியே மனைவி மண் ஒட்டிய காலோடு குந்தி இருந்தாள்.

நான் பெட்டியைத் திறந்தேன். அவருடைய கடைசிச் சோடியை ஊதிக் கன்னத்தில் வைத்தேன். காற்று நாலு இடத்தால் வந்தது. வேறு இல்லை. ஸ்டூலில் வைக்கிற அந்தப் பொட்டலம் மட்டும் இருந்தது. அவர் போனபின் ஒருவரும் போடாததால் அது மட்டும்தான் புதிசு போல இருந்தது.

"டொக்டர்" என்றேன். "எட்டு மட்டும்தான் இருக்கு."

அவர் மூலையைப் பார்த்தார். அந்தச் சோடியை அவர் போட்டுக்கொண்டால் மூலையில் நிற்க ஆள் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தோட்டக்காரரின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"தாங்கோ" என்றார்.

பொட்டலத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டேன். விரல் நுனிகளில் ரப்பர் தொளதொளத்தது. மணிக்கட்டில் துணிநாடாவால் கட்டினேன். அவர் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துவிட்டுத் துறப்பணத்தைக் கேட்டார்.

துளை விழுந்தது. கை சரியான இடத்தில் நின்றது. ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார், கட்டியை எடுத்தார், ஷெல் துண்டு என் கிண்ணத்தில் டிங்கென்று விழுந்தது. இரத்தம் வந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. துணியை வைத்து அமத்திக்கொண்டு, "பொறுங்கோ" என்று தனக்குத்தானே சொன்னார். பொறுத்தார். எடுத்தார். நின்றுவிட்டது.

ஊசியும் நூலும் எடுத்துக் கொடுக்கக் குனிந்த நேரம் அது. முதலில் ஜெனரேற்றரின் இரைச்சல் என்று நினைத்தேன். பிறகு விளங்கியது. வாய்த்துணிக்குள்ளிருந்து, கரகரத்து, பழக்கம் விட்டுப்போன தொண்டையால் மெல்ல ஒரு தோடி.

கதவோரம் வாளியோடு நின்ற அருளப்பு வாளியைக் கீழே வைத்தான்.

"மிஸி, டொக்டர் பாடுறார். கேக்குதோ?"

நான் தலையை ஆட்டினேன். அவன் வெளியே அந்தப் பெண்ணிடம் சொல்ல ஓடினான். கேட்கவேண்டிய ஆள் கேட்காமலே போய்விட்டாரே என்று நான் மூலையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒருவரும் கைகட்டி நிற்கவில்லை. ஸ்டூல் வெறுமையாக இருந்தது.